கட்ஸ்லோவின் இரு மதில்கள்

இங்கிலாந்திலே ஒக்ஸ்போட் என்ற பெயரைக் கேட்டதும் கல்லூரிக் கோபுரங்களும் பழம்பெரும் நூலகங்களுமே நம்மவர் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் அந்நகரின் வடகோடியிலே, கோபுரங்களின் நிழல் விழாத தொலைவில், கட்ஸ்லோ என்றொரு புறநகர்ப் பகுதி உண்டு. அங்கே கல்லூரியும் இல்லை, கண்டு வியக்கத்தக்க கட்டடமும் இல்லை. செங்கல் வீடுகளும் சிறு தோட்டங்களும் அமைந்த சாதாரணக் குடியிருப்பு அது. ஆயினும் கால் நூற்றாண்டு காலம் அங்கு நின்ற இரண்டு மதில்களினால் அதன் பெயர் இங்கிலாந்து முழுவதும் அறியப்படலாயிற்று.

கட்ஸ்லோ என்னும் பெயர் மிகப் பழையது. பண்டை ஆங்கில மொழியில் அப்பெயரின் பிற்பகுதி ஈமமேட்டைக் குறிக்கும். யாரோ ஒருவன் அடக்கம் செய்யப்பட்ட மேடு ஊருக்குப் பெயராயிற்று. அம்மேட்டின் பள்ளங்களில் கள்வர் பதுங்கியிருந்து வழிப்போக்கரைத் தாக்கினர் என்றும், அதனால் 13ஆம் நூற்றாண்டிலே மேட்டைத் தரைமட்டமாக்குமாறு ஆணை பிறந்தது என்றும் வரலாறு கூறும். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் அங்கு உழவும் மேய்ச்சலுமே நடந்தன, சொல்லத்தக்கது வேறொன்றுமில்லை.

அந்த வயல்வெளியை ஊராக்கியது மோட்டார் வாகனத் தொழில். ஒக்ஸ்போட்டில் துவிச்சக்கரவண்டி திருத்திப் பிழைப்பைத் தொடங்கிய வில்லியம் மொறிஸ் என்பார், நகரின் மறுகோடியிலுள்ள கௌலியில் 1913ஆம் ஆண்டில் கார் உற்பத்தியை ஆரம்பித்தார். முதலாம் உலகப் போருக்குப் பின் அத்தொழிற்சாலை பெருவளர்ச்சி கண்டது. வேலை தேடி வேல்ஸ் நாட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். பல்கலைக்கழக நகரம் தொழில் நகரமாகவும் மாறிற்று. இருக்க வீடு போதவில்லை. 1929ஆம் ஆண்டில் நகரத்தின் எல்லைகள் விரிக்கப்பட்டன. தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகை வீடுகள் அமைக்கும் கடமை நகரசபையைச் சார்ந்தது. அதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று கட்ஸ்லோ.

அங்குதான் சிக்கல் முளைத்தது. நகரசபை தன் வீடுகளைக் கட்டிக்கொண்டு, அருகிலிருந்த நிலத்தை ஒரு தனியார் வீடமைப்புக் கம்பனிக்கு விற்றது. அக்கம்பனியை நடத்தியவர் கிளைவ் சக்ஸ்டன். அவர் கட்டிய வீடுகள் நடுத்தர வகுப்பினருக்கானவை. கம்பனியின் நிலம் பன்பரி வீதி என்னும் பெருந்தெருவின் பக்கமாகவும், நகரசபையின் நிலம் அதற்கு உட்புறமாகவும் அமைந்தன. கம்பனியின் வென்ட்வேத் வீதியும் நகரசபையின் ஓல்ட்றிச் வீதியும் நேர்கோட்டில் சந்தித்தன. அவ்வாறே கார்ல்டன் வீதியும் வுல்சி வீதியும் சந்தித்தன. கடைக்கும் பேருந்துக்கும் செல்வோர் நேராக நடந்தால் சில நிமிடங்களில் பெருந்தெருவை அடையலாம்.

நகரின் மத்தியிலிருந்த சேரிகளை அகற்றியபோது, அங்கிருந்த குடும்பங்கள் சிலவற்றை நகரசபை கட்ஸ்லோவிற் குடியேற்றியது. குடியேறியோரிற் சேரியிலிருந்து வந்தவர் ஒரு பகுதியினரே. ஆயினும் சேரி மக்கள் அயலிலே வந்தால் தம் வீடுகளுக்கு மதிப்புக் குறையும், வாங்குவார் வரமாட்டார் என்று கம்பனி அஞ்சிற்று. சபை தம்மை ஏமாற்றிவிட்டது என்றும் குறை கூறிற்று. 1934ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், வீதிகள் சந்திக்கும் இரண்டு இடங்களிலும் குறுக்கே மதில் எழுந்தது. செங்கல்லாலான அம்மதில்களின் உயரம் ஏழு அடிக்கு மேல். உச்சியில் இரும்பு முட்களும் பதிக்கப்பட்டன.

மதிலுக்கு இப்பால் நின்ற தாய்மாரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். கண்ணெதிரே தெரு தொடர்கிறது. ஆனால் கால் செல்ல வழியில்லை. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, சாமான் கூடையுடன், மழையிலும் பனியிலும் குடியிருப்பைச் சுற்றி நடக்கவேண்டியதாயிற்று. நடையின் வருத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த முட்கள் யாருக்காகப் பதிக்கப்பட்டன என்று பிள்ளை கேட்டால் விடை சொல்வது எளிதன்று. மதிலுக்கு அப்பால் வாழ்ந்தவரும் பிரபுக்கள் அல்லர் என்பதையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். அவர்களும் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிட்டவர்களே. ஏணியில் ஒரு படி மேலே நிற்பவனுக்கே கீழ்ப்படியைப் பற்றிய அச்சம் அதிகம் போலும்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. கௌலித் தொழிலாளரிடையே பெயர்பெற்ற பொதுவுடைமைக் கட்சியினரான ஏப் லாசரஸ் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் மதிலை இடிக்க ஆட்களைத் திரட்டினார். சுமார் இரண்டாயிரம் பேர் கூடினர். பொலிசார் இடைமறித்து நிற்கவே மதிலில் ஒரு கல்லும் அசையவில்லை. பின்னர் நகரசபையே செயலில் இறங்கிற்று. 1938ஆம் ஆண்டு யூன் மாதத்தில், வீதி சமப்படுத்தும் நீராவி றோலரைச் செலுத்தி மதில்களை வீழ்த்தியது. மக்கள் ஆரவாரித்தனர். ஆனால் கம்பனி மேசன்மாரை அழைத்து மீண்டும் கட்டியது. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. தன் நிலத்திற் கம்பனி எழுப்பிய மதிலை இடிப்பதற்கு நகரசபைக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பாயிற்று. நீதி எது என்பது வேறு. சட்டம் எது என்பது வேறு. ஆங்கில நீதிமன்றம் இரண்டாவதைப் பற்றியே பேசிற்று.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிகழ்ந்த ஒன்று நகைப்புக்கிடமானது. 1943ஆம் ஆண்டில், பயிற்சியில் ஈடுபட்டிருந்த இராணுவத் தாங்கி ஒன்று வழி தெரியாது வந்து ஒரு மதிலை உடைத்துக்கொண்டு போய்விட்டது. ஐரோப்பாவின் அரண்களைத் தகர்க்க வேண்டிய படை, ஒக்ஸ்போட்டின் புறநகரில் இந்த அரணைத் தகர்த்தது. யுத்த அமைச்சு நட்டஈடு கொடுத்து மதிலைத் திரும்பக் கட்டுவித்தது.

இவ்வாறு மக்கள் திரளுக்கும் றோலருக்கும் தாங்கிக்கும் தப்பி நின்ற மதிலின் பலம் செங்கல்லில் இருக்கவில்லை. அது நின்ற ஒடுங்கிய நிலத்துண்டின் உரிமையில் இருந்தது. இதை உணர்ந்த நகரசபை கடைசியில் வழக்கை விட்டு விலைபேசியது. 1,000 பவுண் கொடுத்து மதிலடி நிலத்தை வாங்கிற்று. 1959ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி, நகரசபை தனக்குச் சொந்தமான மதில்களைத் தானே இடித்தது. அப்பொழுது தடுப்பார் எவருமில்லை. மதில் எழுந்தபோது பள்ளிப் பிள்ளையாயிருந்தவர், தம் பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு அவ்வழியே நடக்கும் வயதை அடைந்திருந்தனர்.

அதன்பின் சமூகவியலாளர் பீட்டர் கொலிசன் இம்மதில்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1963ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆங்கிலச் சமுதாயத்தின் வகுப்பு வேற்றுமையைக் கற்போர் அதனைத் தேடிப் படிப்பர்.

இன்று கட்ஸ்லோ அமைதியான இடம். வடக்கே நகரைச் சுற்றிச் செல்லும் நெடுஞ்சாலையின் இரைச்சல் கேட்கும். அதற்கு அப்பால் விரிந்த பூங்கா ஒன்றுண்டு. பிள்ளைகள் ஏறிச் செல்லும் குட்டிப் புகையிரதம் அங்கு ஓடுகிறது. மதில் நின்றதன் நினைவாக 2006ஆம் ஆண்டில் ஓல்ட்றிச் வீதி வீடொன்றிலே நீல நிறப் பலகை பொருத்தப்பட்டது. 2018ஆம் ஆண்டில் வீதிக்குப் புதிதாகத் தார் இட்டபோது, வேலை பழைய மதில் நின்ற கோட்டோடு நின்றுவிட, பழைய வேற்றுமை மறுபடியும் தலைகாட்டுகிறதா என அப்பகுதி மக்கள் முறையிட்டனர். வென்ட்வேத் வீதியில் நேரே நடந்து செல்பவர், தடையேதுமின்றி, திரும்பவும் இன்றி, ஓரிடத்தில் ஓல்ட்றிச் வீதிக்குள் வந்துவிடுகிறார். ஒரே தெருவுக்கு இரண்டு பெயர்கள். அவை மாறும் இடத்திலேதான் மதில் நின்றது.