திரையில் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

பரளச்சி, திருச்சுழி பக்கம் கோயில் பொங்கலுக்குத் திரை கட்டிப் படம் போடுவதென்றால், இருட்டும் வரை பொறுத்தே ஆக வேண்டும். 16 எம்.எம். ரீல் ஓடிய காலத்திலும் அப்படித்தான். பென் டிரைவைச் செருகி ஓட்டும் இன்றைக்கும் அப்படித்தான். நடுவில் எண்பதுகளில் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்தபோது மட்டும் இந்தக் கவலை இருக்கவில்லை. டி.வி. தானே ஒளிரும் பெட்டி. புரொஜெக்டருக்கோ துணியில் ஒளியைப் பாய்ச்சத்தான் தெரியும், கறுப்பைப் பாய்ச்சத் தெரியாது. நாயகியின் கூந்தல் கறுப்பாகத் தெரிகிறதென்றால், திரையில் அந்த இடத்தில் ஒளி விழாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்துக் கம்பத்தில் டியூப்லைட் எரிந்தால் கூந்தல் நரைத்துப்போகும்.

தென்னாட்டு ஊர்களுக்கு இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போன முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே வேலை பார்த்தவர், 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, வேலையை உதறிவிட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பின்னால் வந்த டூரிங் டாக்கீஸ்களில் ஒளி தந்தவை கார்பன் குச்சிகள். இரண்டு குச்சி முனைகளுக்கு நடுவே மின்சாரம் தாவி எரியும். குச்சி தேயத் தேய ஆபரேட்டர் நெருக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், கொட்டகையில் விசில் பறக்கும்.

ஃபிலிமில் படம் கண்ணுக்கே தெரியும். வீடியோவில் இருப்பது வெறும் மின்சமிக்ஞை. அதைப் படமாக்க இன்று பரவலாக இரண்டு வழிகள் உள்ளன. எல்.சி.டி. கருவியில், வெள்ளை ஒளியைச் சிறப்புக் கண்ணாடிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிக்கும். ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு எல்.சி.டி. பலகையைக் கடந்து, கடைசியில் பட்டகத்தில் ஒன்றாகச் சேரும். எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளியை விடுவது என்று தீர்மானிப்பது அந்தப் பலகைதான்.

இரண்டாவதான டி.எல்.பி. சங்கதிதான் வியப்பு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லேரி ஹார்ன்பெக் 1987இல் உருவாக்கிய சிப் அது. முழு எச்.டி. படத்துக்கு வேண்டிய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு, தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய கண்ணாடிகள் அதில் பதிந்திருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒளி திரைக்கு; மறுபக்கம் சாய்ந்தால் கருவிக்குள்ளேயே விழுந்து வீணாகும், திரையில் அந்தப் புள்ளி இருட்டு. நொடிக்குப் பல ஆயிரம் தடவை இந்தச் சாய்வு நடக்கிறது. எவ்வளவு நேரம் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே சாம்பலும் வெளுப்பும். ஹார்ன்பெக்குக்கு 2015இல் ஆஸ்கர் சிலையே கொடுத்தார்கள். நடிகர்கள் பலர் அறியாத பெயராக இருக்கலாம், ஆனால் அவர்களில் எத்தனையோ பேரின் முகம் திரைக்கு வந்தது இவர் கண்ணாடி வழியே.

சரி, வாங்குகிறவருக்கு என்ன கணக்கு? ஒளியின் அளவு லூமன். 3,000 லூமன் கருவி 10 அடி அகலத் திரையில் சுமார் 570 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) வெளிச்சம் தரும். அதே கருவியை 20 அடிக்கு விரித்தால் பாதியாகாது, கால்வாசியாகும்: ஏறத்தாழ 140. உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ். பகலில் கிரிக்கெட் மேட்சைப் பொட்டலில் திரை கட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கலாம்.

கரிசல்காட்டுப் புழுதி இன்னொரு எதிரி. காற்று வடிகட்டி அடைத்தால் சூடேறி லாம்பின் ஆயுள் குறையும். லாம்பு சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும். லேசர் கருவிகளுக்கு 20,000 மணி நேரம் என்கிறார்கள். படம் ஓடும்போது கரன்ட் போனால் உள்ளே விசிறியும் நின்று, கொதிக்கும் லாம்பு ஆற வழியில்லாமல் போகும். ஆகவே லாம்பு வைத்த கருவிக்கு யு.பி.எஸ். இருப்பது நல்லது.

ஆன்லைனில் ஐந்தாயிரத்துக்குக் கிடைக்கும் கருவிகளின் பெட்டியில் ‘4கே சப்போர்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். காட்டுவது அதில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கலாம். காசு கொடுக்கும் முன் கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஏ.என்.எஸ்.ஐ. லூமன் (தரமுறைப்படி அளந்த ஒளி) எத்தனை, நேட்டிவ் ரெசல்யூஷன் (கருவி உண்மையில் காட்டும் புள்ளிகள்) என்ன? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம்.