அணைத்த பிறகும் அடிக்கும் மின்சாரம்

நம் சங்க அன்பர்களில் பலர் இந்த ஊரில் சிறு பட்டறைகள் நடத்துகிறார்கள். சிலர் குடியிருப்புகளில் பம்பு, லிஃப்ட் பொறுப்பைக் கவனிக்கிறார்கள். ரயில்வே மின் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மோட்டார் சுழலக் காந்தப்புலம் வேண்டும். அதற்கான மின்னோட்டம் வேலை எதுவும் செய்யாமல் வந்து போகும். கைமாற்று வாங்கித் திருப்பித் தருவது போல. இதனால் பவர் ஃபாக்டர் குறைகிறது, கேபிள் சூடாகிறது. அந்தக் கைமாற்றை நம் இடத்திலேயே கொடுத்து உதவுவதுதான் கெப்பாசிட்டர்.

ஆனால் சுவிட்சை அணைத்த கணத்தில் இருந்த மின்னழுத்தத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். 415 வோல்ட் லைனில் இது சுமார் 587 வோல்ட் வரை இருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பேனலில் பழுது பார்க்கப் போனோம். சுவிட்சை அணைத்தேன். டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. "தொடலாம்" என்றேன். என்னை நம்பித் தொட்ட கலாசி சுவரில் போய் விழுந்தார். உயிர் பிழைத்தார், இரண்டு விரல்கள் கருகிவிட்டன. கெப்பாசிட்டரில் தங்குவது டி.சி. மின்சாரம், அதற்கு டெஸ்டரை நம்பக்கூடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மின்னேற்றத்தை வடிக்க வேண்டிய ரெசிஸ்டரும் உள்ளே அறுந்து கிடந்தது.

ஆகவே, அணைத்ததும் சுவிட்சைப் பூட்டுங்கள். குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். மீட்டரை டி.சி.யில் வைத்து, ஒவ்வொரு முனைக்கும் இடையிலும், முனைக்கும் பெட்டிக்கும் இடையிலும் பாருங்கள். பிறகு காப்பிட்ட கம்பியால் முனைகளை இணைத்து எர்த் செய்துவிட்டே கை வையுங்கள்.

அணைத்த உடனே மறுபடி போடுவதும் ஆபத்து. தங்கிய அழுத்தமும் லைன் அழுத்தமும் எதிரெதிராக அமைந்தால், பாயும் மின்னோட்டம் கான்டாக்டரையே ஒட்டவைத்துவிடும். இதற்கென உள்ள கெப்பாசிட்டர் கான்டாக்டரில், முதலில் ரெசிஸ்டர் வழியே இணைப்பு ஏற்படும், அதையே வாங்குங்கள். 25 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் சுமார் 35 ஆம்பியர் எடுக்கும். ஃபியூஸ், கேபிள் அதைவிட ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். மோட்டார்கள் நின்றதும் கெப்பாசிட்டரும் விலகட்டும். உப்பிய கெப்பாசிட்டரை உடனே மாற்றுங்கள்.

அந்தக் கலாசி ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதன்பின் ஓய்வு பெறும் வரை, மீட்டர் பார்க்காமல் யாரையும் "தொடு" என்று நான் சொன்னதில்லை.