நாய் எதையாவது விழுங்கிவிட்டதா?

தோட்டத்து லயங்களில் நாய் வளர்க்காத குடும்பம் அபூர்வம். பேராக்கில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, பல குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களுக்குக் குடியேறியபோது நாயும் கூடவே வந்துவிட்டது. அன்று அவிழ்ந்து திரிந்தது, இன்று கேட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பொழுது போகாமல் கண்டதையும் கடிக்கிறது. பிள்ளைகளின் காலுறை, மீன் வாங்கி வந்த பிளாஸ்டிக் பை, இறைச்சி வாசனை மாறாத சாத்தே குச்சி, மாம்பழக் காலம் வந்தால் மாங்கொட்டை!

விழுங்கிவிட்டது என்றதும் நம்மவர்கள் கரைப்பது உப்புத் தண்ணீரைத்தான். வேண்டாம், தாய்மார்களே! உப்பு மிஞ்சினால் அதுவே நாயைக் கொன்றுவிடும். குச்சியும் தூண்டில் முள்ளும் வாந்தியோடு மேலே வரும்போது தொண்டையைக் கிழிக்கும். விளையாட்டுச் சாமான்களில் இருக்கும் பொத்தான் போன்ற சிறு பேட்டரி இன்னும் மோசம்; சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடலை அறுத்துவிடும்.

மூச்சுத் திணறினால் மட்டும் உடனே வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிவதை எடுக்கலாம். தெரியாததைத் துழாவினால் இன்னும் உள்ளே போகும்.

மற்றபடி, என்ன விழுங்கியது, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, மிச்சத் துண்டையும் எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். எக்ஸ்ரே இருக்கிறதா என்று முதலில் போன் செய்து கேட்டுவிட்டால் வீண் அலைச்சல் இல்லை. ஈப்போவில் 1948 முதல் இருக்கும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நோய்களை ஆராயும் இடம். இதற்குப் போக வேண்டியது கிளினிக்குக்குத்தான். எக்ஸ்ரேயில் இரும்பும் எலும்பும் தெரியும். துணியும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் அந்த மிச்சத் துண்டு முக்கியம்.

முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் போனால், கூர்மையில்லாத பொருளாக இருந்தால், வைத்தியர் ஊசி போட்டே வாந்தி எடுக்க வைக்கலாம். குடலில் இறங்கி அடைத்துவிட்டால் அறுவைதான். அந்தச் செலவு நம் குடும்பங்களுக்குச் சின்னதல்ல.

"நேற்று விழுங்கியது, இன்று ஓடியாடுகிறதே" என்று சும்மா இருக்கவும் முடியாது. மாங்கொட்டை பல நாள் வயிற்றில் கிடந்து பிறகு அடைப்பதுண்டு. திரும்பத் திரும்ப வாந்தி, சோற்றை முகர்ந்துவிட்டு நகர்வது, முதுகை வளைத்து நிற்பது, மலம் போகாமல் முக்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.