வீட்டை அடமானம் வெச்சுப் படம் எடுக்கலாமா? நைட் ஷியாமளன் போன பாதை

குமாரபாளையத்துல என்கூட இன்ஜினியரிங் படிச்ச நண்பன் போன வாரம் போன் பண்ணான். "வேலையை விட்டுட்டுப் படம் எடுக்கப் போறேன்டா. வீட்டை அடமானம் வைக்கலாம்னு அப்பாகிட்ட பேசப் போறேன். நைட் ஷியாமளனே வெச்சாரு தெரியுமா?"ன்னான்.

வெச்சது உண்மைதான். ஆனா எப்போ வெச்சாருன்னு பார்க்கணும்.

மனோஜ் நைட் ஷியாமளன் 1970-ல மாஹேயில பிறந்தவர். அப்பா மலையாளி, அம்மா தமிழ், ரெண்டு பேருமே டாக்டர்கள். கைக்குழந்தையா இருக்கும்போதே அமெரிக்கா போயாச்சு. வளர்ந்தது பிலடெல்பியா பக்கம். வீட்டுல இந்து, பள்ளிக்கூடம் கத்தோலிக்கம்.

இந்த ரெண்டு உலகமும்தான் அவரோட முதல் ரெண்டு படங்களுக்கும் கதை. 'பிரேயிங் வித் ஆங்கர்' 1992-ல வந்தது. அமெரிக்காவுல வளர்ந்த பையன் படிக்கறதுக்கு இந்தியா வர்றான். சென்னையில எடுத்தாங்க, ஹீரோவும் அவரேதான். நியூயார்க் பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு இருந்த அவருக்குக் குடும்பமும் நண்பர்களும் பணம் போட்டாங்க. படம் பெரிசா ஓடலை. அடுத்தது 'வைட் அவேக்', கத்தோலிக்கப் பள்ளியில கடவுளைத் தேடற ஒரு சின்னப் பையன் கதை. 1995-ல எடுத்த படம் 1998-லதான் ரிலீஸ். அதுவும் நஷ்டம். நடுவுல 'ஸ்டூவர்ட் லிட்டில்' மாதிரி அடுத்தவங்க படத்துக்கும் திரைக்கதை எழுதினார்.

1999-ல 'தி சிக்ஸ்த் சென்ஸ்'. ஆறு ஆஸ்கர் பரிந்துரை, உலகம் முழுக்க வசூல். அப்புறம் பட்ஜெட் ஏற ஏறப் பேர் இறங்குச்சு. 2010-ல 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்', 2013-ல 'ஆஃப்டர் எர்த்', ரெண்டையும் விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க.

வீட்டு மேல கடன் வாங்கினது இதுக்கு அப்புறம்தான். 2015-ல வந்த 'தி விசிட்'டுக்கு பட்ஜெட் சுமார் 50 லட்சம் டாலர். கதையைப் பாருங்க: ரெண்டு பிள்ளைங்க தாத்தா பாட்டி வீட்டுக்குப் போறாங்க. பெரும்பாலும் ஒரே பண்ணை வீடு, விரல் விட்டு எண்ணற அளவு நடிகர்கள். பிள்ளைங்களே கேமராவுல எடுக்கற மாதிரி காட்சிகள், அதனால செலவு இன்னும் கம்மி. வசூல் பத்து கோடி டாலரை நெருங்குச்சு.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது தறி கணக்கு. கூலிக்கு ஓட்டினா நூலும் முதலாளியோடது, டிசைனும் முதலாளியோடது. நமக்கு மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. சொந்தமா ஓட்டினா டிசைன் நம்ம இஷ்டம், லாபமும் நமக்கு. ஆனா நூல் விலை ஏறினாலும் சரக்கு தேங்கினாலும் அடி நமக்குத்தான். ஷியாமளன் பெரிய ஸ்டுடியோ கூலியை விட்டுட்டுச் சொந்தத் தறிக்கு வந்தார். ஆனா தனக்கு எவ்வளவு அடி தாங்கும்னு பார்த்து, அதுக்குள்ள அடங்கற கதையை எழுதினார்.

முதல் படத்துக்கும் இதுக்கும் நடுவுல 23 வருஷம் இருக்கு. 'தி விசிட்' ஊத்திக்கிட்டு இருந்தாலும், இன்னொரு திரைக்கதை எழுதிச் சம்பாதிக்கற கை அவருக்கு இருந்தது. அடமானம் வெச்சதும் அவரே சம்பாதிச்ச வீடு.

இதைத்தான் நண்பன்கிட்ட சொன்னேன். "உன்னோடது அப்பா தறி ஓட்டிக் கட்டின வீடு. அதுக்குக் கையெழுத்து நீ போட்டாலும், தூக்கம் போறது அவருக்கு. காப்பியடிக்கணும்னா 2015 அடமானத்தைக் காப்பியடிக்காதே, அந்தப் படத்தோட பட்ஜெட்டைக் காப்பியடி. ஒரு இடம், நாலு பேர், போனாப் போகட்டும்னு விடற அளவுக்குப் பணம்."

கோவிச்சுக்கிட்டான், போனை வெச்சுட்டான். ரெண்டு நாள் கழிச்சு ஒரு போட்டோ அனுப்பினான். அவங்க தறிப் பட்டறை. கீழே ஒரே வரி: "ஞாயித்துக்கிழமை தறி ஓடாது, சவுண்ட் பிரச்சனை இல்லை. நீ வந்து மைக் பிடிக்கறியா?"

போறேன் மக்களே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.