கழிநீர் நிலையமும் நதியின் க்ஷேமமும்

நகரத்தின் கழிநீரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டால் சுகாதாரக் காரியம் முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அசுத்தத்தை அகற்றுவது வேறு. அதைச் சுத்தி செய்வது வேறு. இந்தப் பேதத்தை விளக்க லண்டன் நகரத்தின் தேம்ஸ் நதி தக்க உதாரணமாகும்.

1858-ஆம் வருஷக் கோடையில் அந்நதியின் துர்நாற்றம் பார்லிமெண்டு மண்டபத்தினுள்ளும் புகுந்தது. அதன்பின் ஜோஸப் பாஸல்ஜெட் என்னும் இஞ்ஜினியர் பெரிய நிலத்தடிச் சாக்கடைகளைக் கட்டி, கழிநீரை நகரத்திற்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னெஸ் என்னும் இடங்களில் நதியில் விடச் செய்தார். நகரத்தில் வாந்திபேதி ஒழிந்தது. ஆனால் கழிநீர் சுத்தி செய்யப்படாமலே விடப்பட்டபடியால் நதியின் கீழ்ப்பாகம் கெட்டது. துன்பம் இடம் மாறிற்றேயன்றித் தீரவில்லை.

நதி கெடுவது எவ்வாறு? மீன்கள் ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவைக் கொண்டே உயிர் வாழ்கின்றன. ஒரு லிட்டர் நல்ல ஜலத்தில் அது ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான் உண்டு. நகரக் கழிநீரிலுள்ள அசுத்தம் மக்கிப்போக, லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை பிராணவாயு தேவைப்படும். ஆகவே ஒரு குடம் கழிநீர் சுமார் 30 குடம் நன்னீரின் உயிர்ச்சத்தை உறிஞ்சிவிடக் கூடியது.

இத்தீங்கை நிலையம் தடுக்கும் முறை பின்வருமாறு: முதலில் கம்பிச் சல்லடைகள் கந்தை, குச்சி முதலியவற்றை நிறுத்துகின்றன. அடுத்த தொட்டிகளில் மணலும் கனமான மலினங்களும் அடியில் படிகின்றன. கரைந்துள்ள அசுத்தம் அவ்வாறு படியாது. ஆகையால் வேறொரு தொட்டியில் இடைவிடாது காற்றை ஊதுகின்றனர். அங்கே சூக்ஷ்ம கிருமிகள் பிராணவாயுவின் உதவியால் அசுத்தத்தையே ஆகாரமாக உண்டு பெருகுகின்றன. நதியில் நடந்தால் மீன்களைக் கொல்லும் காரியம் இத்தொட்டிக்குள் தீங்கின்றி நடந்தேறுகிறது. கடைசித் தொட்டியில் கிருமிகள் வண்டலாகப் படிய, தெளிந்த ஜலம் நதிக்குச் செல்கிறது. வண்டலில் ஒரு பாகம் பாலுக்கு உறைமோர் இடுவதுபோல மீண்டும் காற்றுத் தொட்டியில் சேர்க்கப்படுகிறது. இம்முறையை 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர்.

மிகுந்த வண்டலை மூடிய கலங்களில் புளிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கும். லண்டன் நகரமோ 1887 முதல் 1998 வரை அதைக் கப்பலேற்றிக் கடலில் கொட்டிற்று. கழிநீரிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் அளவு மீறினால் முகத்துவாரங்களில் பாசி பெருகி மீன் வளம் குன்றும். ஆகையால் பல நிலையங்கள் அவற்றையும் குறைக்கின்றன. ஜனங்கள் ஸ்நானம் செய்யும் கடற்கரைக்கருகில் நோய்க்கிருமிகளைத் தனியே அழிப்பதும் உண்டு.

1957-ல் தேம்ஸ் நதியின் லண்டன் பாகம் உயிரற்றதாகக் கூறப்பட்டது. பின்பு நிலையங்கள் விஸ்தரிக்கப்பட்டன. 1974-ல், நூற்றாண்டுக்கு மேல் காணாதிருந்த சால்மன் மீன் மீண்டும் அகப்பட்டது. பெருமழையில் வழியும் கழிநீரைத் தாங்க 25 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கக் கால்வாயும் 2025-ல் முழுமையாக இணைக்கப்பட்டது.

நிலையம் இருந்தும் ஜனங்களின் ஒத்துழைப்பு அவசியம். எண்ணெய் குழாயை அடைக்கும். சாயமும் விஷ மருந்தும் வேலை செய்யும் கிருமிகளையே கொல்லும். இவற்றைச் சாக்கடையில் கொட்டலாகாது. மேலூர் செலவிடும் பணத்தின் பலனைக் கீழூரும் கடலோரச் செம்படவரும் அடைகின்றனர். ஒருவர் தவறினால் அனைவரும் நஷ்டமடைவர் என்பதை ஐக்கிய சங்கத்தார் நன்கறிவர். நதியின் விஷயத்திலும் அதுவே உண்மை.