கூட்டத்தில் நான் எது?



பிரேயருக்கு நிற்கிறோமே, எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே ரெட்டை ஜடை. நான் மறந்த நோட்டைக் கொடுக்க வந்த எங்க அப்பத்தாவுக்கு அந்த வரிசையில் நான் எதுன்னே தெரியலையாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஆண்டனி கோர்ம்லி என்பவர் இங்கிலாந்து சிற்பி. அவர் 2003-ல் சீனாவில் குவாங்சோ நகரத்துக்குப் பக்கத்தில் சியாங்ஷான் என்ற கிராமத்து மக்களிடம் களிமண்ணைக் கொடுத்தார். சின்னப் பிள்ளைகள் முதல் தாத்தா பாட்டி வரை சுமார் 350 பேர் பொம்மை செய்தார்கள். அவர் சொன்னது மூன்றே விஷயம்தான். பொம்மை கைக்கு அடக்கமாக இருக்கணும். தானாக நிற்கணும். ரெண்டு கண் வேணும்.

சில நாட்களில் சுமார் 2 லட்சம் பொம்மைகள்! அவற்றைச் சுட்டு, தரை முழுவதும் நெருக்கமாக நிறுத்தினார்கள். இதற்குப் பெயர் 'ஏஷியன் ஃபீல்டு'. நாம் உள்ளே நடக்க முடியாது, ஓரமாக நின்றுதான் பார்க்கணும். அத்தனை கண்ணும் நம்மையே பார்க்கும். முதலில் எல்லாம் ஒன்று போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒன்று குட்டை, ஒன்று ஒல்லி. ஏனென்றால் அச்சு கிடையாது, ஒவ்வொருவரின் கை அழுத்தமும் வேறு. செய்தவரின் போட்டோவையும் அவர் செய்த ஒரு பொம்மையின் போட்டோவையும் ஜோடியாக வைத்தார்கள்.

நானும் என் தோழியும் கண்மாய் மண்ணில் ஆளுக்கு ஐந்து செய்து, கலந்து வைத்தோம். அப்பத்தா என்னுடைய ஐந்தையும் சரியாக எடுத்துட்டாங்க! "உன்னை மாதிரியே கழுத்தைச் சாய்ச்சு நிக்குதுடி" என்றார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்.