பால்கனியில் ஒரு பசுமைக் கணக்கு

2023 ஜூலை மாதத்தை இல்லத்தரசிகள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். பல நகரங்களில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டிற்று. சில இடங்களில் 200 ரூபாயையும் தொட்டது. அம்மாதத்துச் சில்லறைப் பணவீக்கம் 7.44 விழுக்காடு. காய்கறிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஓராண்டில் விலை 37 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. அன்றைய நுகர்வோர் விலைக் குறியீட்டில் காய்கறிகளுக்கு உரிய பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடுதான். அந்தச் சிறு பங்கு நாட்டின் பணவீக்கத்தையே அசைத்துவிட்டது. மாதாந்திர வரவு செலவை நாள்தோறும் நேர்செய்யும் குடும்பங்களை அது எவ்வளவு அசைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய மாதங்களில்தான் நகரவாசிகளாகிய நமக்கு வீட்டுத் தோட்டத்தின் நினைவு வருகிறது. பத்துப் பைகளும் விதைப் பொட்டலங்களும் வாங்குகிறோம். இரண்டு மாதம் ஆர்வத்தோடு நீர் ஊற்றுகிறோம். அடுத்த மே மாத வெயிலில் செடிகள் கருகி, வெற்றுப் பைகள் மூலையில் ஒதுங்குகின்றன. போட்ட பணம் வாராக்கடன் ஆகிவிடுகிறது. ஹைதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்திற்கொண்டு, இந்த முதலீட்டைக் காப்பாற்றும் வழிகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எதிர்பார்ப்பைச் சரிசெய்வோம்

ஹைதராபாத் தார்நாகாவில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு ஒரு தமிழகத் தொடர்பு உண்டு. 1918இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. வளர்ந்த ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 400 கிராம் காய்கறி தேவை என்று அதன் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி கூறுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளுக்கு 1.6 கிலோ, மாதத்துக்கு 48 கிலோ.

பால்கனியில் வைக்கும் பத்துப் பைகள் இந்த 48 கிலோவைத் தரமாட்டா. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் ஏமாற்றம் இராது. எடுத்துக்காட்டாக, தண்டுக்கீரை நன்கு விளைந்தால் ஒரு மாதத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அளவில் கிடைக்கும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள ஒரு தட்டில் ஏறத்தாழ 200 கிராம், அதாவது ஒரு சிறு கட்டு. நான்கு தட்டுகளில் வாரம் ஒன்றாக விதைத்து வந்தால், ஒரு மாதத்துக்குப்பின் வாரந்தோறும் ஒரு கட்டு நிச்சயம். தொடர் வைப்புக் கணக்கில் தவணை கட்டுவதைப் போன்றதே இதுவும். ஒரே நாளில் எல்லாத் தட்டிலும் விதைத்தால், ஒரே வாரத்தில் நான்கு கட்டு வந்து சேரும். பிறகு மூன்று வாரம் ஒன்றும் இராது.

சிறு தோட்டத்தின் உண்மையான ஆதாயம், நாம் கிள்ளிப் பயன்படுத்தும் பொருள்களில் இருக்கிறது. கொத்துமல்லி, புதினா, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் ஆகியவற்றைக் கட்டாக வாங்கிப் பாதியைக் குளிர்பெட்டியில் வாடவிட்டு எறிவது நம் வீடுகளில் வழக்கம். செடியிலிருந்து நான்கு தழை கிள்ளும் வீட்டில் அந்த விரயம் இல்லை. ஆகவே முதல் ஆண்டில் கீரையும் வாசனைத் தழைகளும், இரண்டாம் ஆண்டில் கத்தரி, வெண்டை, தக்காளி என்ற வரிசையே பொருத்தமானது.

நாட்காட்டி மாறுகிறது

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழியோடு வளர்ந்தவர்கள் நாம். அது தமிழ் மண்ணின் மழையை அறிந்து சொன்ன சொல். சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. ஹைதராபாத்திலோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையே பெரும்பங்கு நீரைத் தருகிறது. ஆடி மாதத்தில் இங்கே மழை உச்சத்தில் இருக்கும். அப்போது தூவும் நுண்ணிய விதைகள் மழையில் அடித்துச் செல்லப்படும்.

தெலங்கானா உழவர்கள் எதிர்நோக்குவது ஜூன் 8ஆம் நாள் வாக்கில் பிறக்கும் மிருகசிர கார்த்தியை. அந்நாளில் நகரெங்கும் மீன் கடைகளில் கூட்டம் அலைமோதுவதை நாம் பார்த்திருக்கிறோம். நம் தொட்டிகளுக்கும் அதுவே தொடக்க நாளாகலாம். வெண்டை, கத்தரி, அவரை, பீர்க்கு, புடலை ஆகியவற்றை ஜூனில் தொடங்கலாம்.

இரண்டாவது பருவம் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் வருகிறது. இதுவே இந்நகரம் நமக்களிக்கும் தனிச் சலுகை. கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் தக்காணப் பீடபூமியில் அமைந்திருப்பதால், டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. சென்னை மாடியில் தயங்கித் தயங்கி வளரும் காலிபிளவர், முள்ளங்கி, கேரட், வெந்தயக்கீரை, கொத்துமல்லி யாவும் இங்கே செழிக்கும். தக்காளிக்கும் இதுவே ஏற்ற காலம்.

ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை கொத்தவரை, வெண்டை, வெள்ளரி, தண்டுக்கீரை விதைக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிரத் தொடங்கும். அப்போது செடியை நொந்து பயனில்லை. 50 விழுக்காடு நிழல்தரும் பச்சை வலையின்கீழ்ப் புதினா, கறிவேப்பிலை, கொடிப்பசலை ஆகியவற்றை மட்டும் காத்துக்கொண்டு, மற்றப் பைகளுக்கு ஓய்வளிக்கலாம். மார்ச் முடிவில் நாங்கள் வங்கிக் கணக்குகளை முடிப்பதுபோல, இவ்விரு மாதங்களும் தோட்டத்தின் ஆண்டுக் கணக்கை முடிக்கும் காலம். பைகளிலுள்ள மண்ணைக் கொட்டி, வேர்களை நீக்கி, வெயிலில் பரப்பிக் காயவைத்தால் நூற்புழுக்களும் பூஞ்சைகளும் பெரிதும் குறையும். கோடை நமக்கு இலவசமாகச் செய்யும் உதவி இது.

சுமையும் வெயிலும்

இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, எவ்வளவு நேரம் நேரடி வெயில் விழுகிறது? காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரமாவது தேவை; கீரைகளுக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும். வடக்கு நோக்கிய பால்கனியில் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் விழாது. அங்கே தக்காளியை விடுத்துப் புதினாவை நாடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, தளம் எவ்வளவு சுமை தாங்கும்? மக்கள் ஏறிச்செல்லும் தட்டையான கூரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமையை ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதி கணக்கில் கொள்கிறது. மாடித் தளத்தில் ஓரடி உயரத்துக்கு மண் கொட்டிப் பாத்தி கட்டினால், நனைந்த மண்ணின் எடை சதுர மீட்டருக்கு 500 கிலோவை எட்டும். இது விதி கருதும் சுமையைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். எனவே வெறும் மண்பாத்தி வேண்டாம். ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பையில் ஏறத்தாழ 21 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்த நிலையில் அது 20 கிலோவுக்குக் குறையாது. சதுர மீட்டருக்கு நான்கைந்து பைகளுக்கு மேல் நெருக்காமல், நடுத்தளத்தைவிடச் சுவரோரங்களில் வைப்பது நல்லது. பழைய கட்டடமாயின் பொறியாளர் ஒருவரைக் கலந்தாலோசிப்பதும், அடுக்ககமாயின் சங்கத்தின் ஒப்புதலைப் பெறுவதும் அவசியம். கைப்பிடிச் சுவரின்மேல் தொட்டி வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

மண்ணே மூலதனம்

செம்மண், கழுவிய தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குச் சேர்த்தால் போதும். நார்க்கழிவைக் கழுவாவிடில் அதிலுள்ள உப்பு வேரைத் தாக்கும். பையின் அடியில் நீர் வடியத் துளைகள் வேண்டும். செங்கல்லின்மீது பையை வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது. தட்டுகளில் நீர் தேங்கவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே இடமளித்தவர்கள் ஆவோம்.

உரத்துக்கு ஆண்டுதோறும் செலவிட வேண்டியதில்லை. துளையிட்ட இரண்டு வாளிகளில் காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் உரம் அணியமாகிவிடும். ஜவஹர்நகர்க் குப்பைமேட்டுக்குச் செல்லும் சுமையில் நம் வீட்டுப் பங்கும் அந்த அளவுக்குக் குறையும்.

நீரைப் பொறுத்தவரை, அரிசி, பருப்பு கழுவிய நீரைத் தாராளமாக ஊற்றலாம். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுதி. அதைத் தொட்டிகளுக்குப் பயன்படுத்தாமல் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரமிருந்தால் அன்று நீர் வேண்டாம். வெயிலுக்கு ஈடாக அளவுமீறிய நீராலும் செடிகள் மடிகின்றன.

விதையும் காவலும்

விதை வாங்கும்போது இரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குவோம். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா அனாமிகா வெண்டை, மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கக்கூடியது. அதன் விதையை நாமே எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் தக்காளி மூன்று நோய்களை எதிர்க்கும் ஒட்டு இரகம். அதற்கு ஒவ்வொரு முறையும் புதிய விதை வாங்க வேண்டும். பலமுறை அறுத்துக்கொள்ள அர்க்கா சுகுணா தண்டுக்கீரை உண்டு. இந்நகரத்து அங்காடிகளில் கேட்கும்போது தோட்டகூர என்றால் தண்டுக்கீரை, கோங்கூர என்றால் புளிச்சகீரை, மெந்திகூர என்றால் வெந்தயக்கீரை, பச்சலி என்றால் கொடிப்பசலை. இந்த நான்கு தெலுங்குச் சொற்களே முதல் ஆண்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் போதுமானவை.

மாவுப்பூச்சியும் அசுவினியும் வருவது உறுதி. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலைகளின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். நகரத்துப் புறாக்களுக்கு இளநாற்று மிகவும் பிடிக்கும். விதைத்த தட்டுகளை இரண்டு வாரம் வலையால் மூடிவைக்க வேண்டும்.

முதல் ஆண்டின் ஐந்தொகை

ஐந்து பைகள், நான்கு கீரைத் தட்டுகள், ஒரு பூவாளி, இரண்டு உர வாளிகள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். இதற்குக் கடன் வேண்டாம். ஒரு மாதத்துச் சிறு சேமிப்பே போதும். ஒரு குறிப்பேட்டில் இடப்புறம் செலவையும், வலப்புறம் பறித்ததன் எடையையும் அன்றைய உழவர் சந்தை விலையையும் எழுதி வருவோம். ஹைதராபாத்தின் ரைத்து பஜார்கள் 1999 முதல் இயங்கி வருகின்றன. எர்ரகட்டாவிலும் மெஹதிப்பட்டினத்திலும் நாள்தோறும் பலகையில் எழுதும் விலையே நம் ஒப்பீட்டுக்கு உகந்தது.

முதல் ஆண்டில் இடப்புறமே கனத்திருக்கக்கூடும். பைகளும் மண்ணும் மூலதனச் செலவுகள். அவற்றை மூன்றாண்டுகளுக்குப் பிரித்தெழுதுவதே முறை. இரண்டாம் ஆண்டில் மண் நம்முடையது, உரம் நம்முடையது, விதையிலும் ஒரு பகுதி நம்முடையது. எந்தச் செடி நம் பால்கனியில் ஈடுகொடுத்தது, எது நட்டம் தந்தது என்று அந்தக் குறிப்பேடே சொல்லும். ஈடுகொடுத்ததைப் பெருக்கி, நட்டத்தைக் கைவிட்டால், மூன்றாம் ஆண்டில் பத்துப் பைகளை நம்பிக்கையோடு வைக்கலாம்.

மறுபடியும் ஒரு ஜூலையில் தக்காளி விலை ஏறத்தான் செய்யும். அப்போது நம் தொட்டிகள் சந்தையை மாற்றிவிடப் போவதில்லை. ஆனால் அன்றைய குழம்புக்கு ஒரு பிடி கோங்கூரவும், ரசத்துக்கு நான்கு கொத்துமல்லித் தழையும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். தக்காளி இல்லாமலேயே புளிப்பு கிடைத்துவிடும்.